எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பார்கள்: கடலூர் அம்மா ஒருவரின் கேள்விக்குப் பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் ஒரு அம்மா, வயது 67. கணவர் தமிழ்நாடு அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார், அவருடைய குடும்ப ஓய்வூதியத்தில்தான் வீடு ஓடுகிறது. மகனுக்கு 36 வயது, பிறவியிலேயே மனவளர்ச்சிக் குறைபாடு, வலிப்பும் உண்டு, கொஞ்சம்தான் பேசுவார். மகள் கல்யாணமாகி பாண்டியில், லாஸ்பேட்டையில் இருக்கிறார். சொந்த வீடு அம்மா பெயரில் இருக்கிறது. ஒரு உறவினர் வீட்டை மகள் பெயருக்கு எழுதி அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்கிறார், இன்னொருவர் நல்ல ஹோமாகப் பார்த்து மொத்தப் பணத்தையும் கட்டிச் சேர்த்துவிடு என்கிறார், ஒரு ஆடிட்டர் டிரஸ்ட் ஆரம்பிக்கச் சொன்னாராம், ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏழைப் பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்கிறார். எது சரி?

கல்யாணத்தை முதலில் முடித்துவிடுவோம், அதற்கு நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. வேண்டாம். சம்பளம் இல்லாத ஆயாவாக ஒரு வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து வைப்பதற்குப் பெயர் கல்யாணம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு உண்மையைச் சொல்லாமல்தான் இந்த மாதிரி சம்பந்தங்கள் பெரும்பாலும் நடக்கின்றன, ஒரு வருடத்தில் போலீஸ் ஸ்டேஷன், நகை, ஜீவனாம்சம் என்று போய் நிற்கும்போது யோசனை சொன்ன பெரியவர் அந்தப் பக்கமே வர மாட்டார். (குறைபாடு உள்ளவர்கள் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. தானே விரும்பி, தெரிந்து செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு.)

மீதி மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை, மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தேவைப்படும். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள்: நீங்கள் கண்ணை மூடிய மறுநாள் காலையில் இந்த ஏற்பாடு ஓட ஆரம்பிக்கும் என்று. பாண்டியில் சிறப்புப் பள்ளி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்து, இப்போது பெற்றோர்களுக்கு இந்தக் காகித வேலைகளில் உதவிக்கொண்டிருக்கிற எனக்குத் தெரிந்து, அப்படிப் பூட்டி வைத்த ஏற்பாடுகளில் பாதி, திறக்கிற அன்றைக்கே மக்கர் பண்ணும். கார்டியன் என்று எழுதப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது, ஹோமில் வலிப்பு மாத்திரை பெயர் தெரியாது, பேங்கில் கையெழுத்து ஒத்துப் போகாது. அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். உங்களுக்கு அப்புறம் என்ன நடக்க வேண்டுமோ அதை நீங்கள் இருக்கும்போதே நடக்க விடுங்கள். சின்ன அளவிலாவது ஓட விட்டு, எங்கே இடிக்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள். கீழே ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணோடுதான் சொல்கிறேன்.

கார்டியன்

நிறையப் பெற்றோருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். பிள்ளைக்கு 18 வயது முடிந்த அன்றே, சட்டப்படி நீங்கள் அவருக்குக் கார்டியன் இல்லை. 36 வயது மகனுக்காக நீங்கள் போடும் கையெழுத்தெல்லாம் இதுவரை செல்லுபடியாகி வந்தது, எதிரில் இருப்பவர் கேள்வி கேட்காததால்தான். பேங்கில் புது மேனேஜர் வந்தால், ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் யாராவது சட்டம் பேசினால், அன்றைக்குத் தெரியும்.

இதற்கு 1999ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, நேஷனல் டிரஸ்ட் என்பார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் மட்டும் இது பொருந்தும். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் அறிவுசார் குறைபாட்டுக்குள் வந்துவிடும். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். மாவட்ட கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூன்று பேர் கொண்ட உள்ளூர்க் குழு ஒன்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உண்டு, அவர்கள்தான் கார்டியன் சர்டிபிகேட் கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குழு கூட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கலெக்டருக்குத் தேதி கிடைக்கும்போதுதான் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், தேர்தல் நேரத்திலும் மழை வெள்ள நேரத்திலும் மறந்துவிடுங்கள். கடலூரில் வெள்ளத்துக்குப் பஞ்சமே இல்லை, அதனால் ஐப்பசிக்கு முன்னாலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

பெற்றோர் தாங்களே கார்டியன் ஆக விண்ணப்பிக்கலாம், தாங்கள் விரும்பும் வேறு ஒருவரையும் கேட்கலாம். உங்கள் வயதுக்கு என் யோசனை, மகளையே இப்போதே கார்டியனாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். மகன் உங்களோடுதான் இருக்கப் போகிறார், சோறு நீங்கள்தான் போடப் போகிறீர்கள், ஒன்றும் மாறாது. ஆனால் பேங்க், பென்ஷன், ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் மகள் பெயர் பதிந்துவிடும், சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ள நீங்கள் பக்கத்திலேயே இருப்பீர்கள். நேஷனல் டிரஸ்ட் கார்டியன் சர்டிபிகேட்டை வைத்துக் கணக்கு திறக்கவும் நடத்தவும் விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், பொறுமையாகச் சொல்லுங்கள், எழுதிக் கேளுங்கள்.

கார்டியன் ஆகிவிட்டால் சொத்தை ஆண்டு அனுபவிக்கலாம் என்று மருமகன்கள் சிலர் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள், பிள்ளையின் சொத்து என்னென்ன, கடன் என்ன என்று பட்டியல் கொடுக்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். கார்டியன் கவனிக்காமல் விட்டாலோ பணத்தைத் தின்றாலோ, பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ குழுவிடம் புகார் கொடுத்து அவரை நீக்கச் சொல்லலாம். ஒரு நோட்டில் மகளை இப்போதிருந்தே கணக்கு எழுதச் சொல்லுங்கள், மாத்திரை 640, முடிவெட்ட 100 என்று. வருடக் கடைசியில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டி வராது.

ஒன்று சொல்லியாக வேண்டும். மனநோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா மாதிரி உள்ளவர்களுக்கு இந்த நேஷனல் டிரஸ்ட் வழி கிடையாது. அவர்களுக்கு 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம். சிகிச்சை விஷயத்தில் யார் தன் சார்பில் பேச வேண்டும் என்று அவர்களே ஒருவரை நியமித்து எழுதி வைக்கலாம், எந்த சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்றும் நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு கலெக்டர் ஆபீசில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

பென்ஷன்

உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய சொத்து வீடு என்று நினைக்கிறீர்கள், எனக்கென்னவோ அந்தக் குடும்ப ஓய்வூதியம்தான் என்று தோன்றுகிறது. பிழைப்புக்குச் சம்பாதிக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள மகனோ மகளோ இருந்தால், உங்களுக்கு அப்புறம் அந்தக் குடும்ப ஓய்வூதியம் அவர்களுக்கு ஆயுள் முழுக்க வரும். வயது வரம்பு கிடையாது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978இல் இது இருக்கிறது. பாண்டிச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசு விதிகள் பொருந்தும், அதிலும் இருக்கிறது.

எல்லோரும் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்றால், தாய் இறந்த பிறகு விண்ணப்பிக்கிறார்கள். அப்போது அப்பா வேலை பார்த்த ஆபீசில் அவரைத் தெரிந்த ஒருவரும் இருக்க மாட்டார்கள், சர்வீஸ் புத்தகம் எந்த பீரோவில் என்று யாருக்கும் தெரியாது, மெடிக்கல் போர்டு சர்டிபிகேட்டில் சம்பாதிக்க இயலாதவர் என்ற வரி இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், அது முடிவதற்குள் வருடம் ஓடிவிடும், அத்தனை நாளும் அந்தப் பிள்ளைக்கு யாரோ கைக்காசு போட்டுச் சோறு போட வேண்டும். நீங்கள் இருக்கும்போதே, உங்கள் கணவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகம் மூலமாக, சென்னையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு எழுதி, மகன் பெயரையும் குறைபாட்டையும் ஓய்வூதிய ஆவணத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்றிலும் பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் இருந்தாலே போதும், ஒரு கோப்பு மாதக்கணக்கில் தூங்கிவிடும்.

நெய்வேலி பக்கம் இருந்து படிக்கிறவர்களுக்கு: பிஎஃப் ஓய்வூதியத் திட்டம் 1995இலும், முழுமையான நிரந்தரக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் உண்டு. தொகை சின்னதுதான், ஆனாலும் விடாதீர்கள்.

ஓய்வூதியத்துக்கும் வீட்டுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது, அதை ஆடிட்டர்கள் மறந்துவிடுவார்கள். பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் கொடுக்கும்போது அவருக்கு வேறு வருமானம் எவ்வளவு என்று பார்ப்பார்கள், அதற்கு வரம்பு இருக்கிறது. பாசத்தில் எல்லா டெபாசிட்டையும் மகன் பெயரில் போட்டு, கடை வாடகையையும் அவர் கணக்கில் வரவு வைத்தால், அந்த வரம்பைத் தாண்டி ஓய்வூதியமே சிக்கலாகலாம். எதை யார் பெயரில் வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடு, உயில், டிரஸ்ட்

உயில் எழுதாமல் நீங்கள் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. குறைபாடு இருப்பதால் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நோயோ ஊனமோ வாரிசுரிமையைத் தடுக்காது என்று அந்த 1956ஆம் வருடச் சட்டத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. பங்கு வருவதில் பிரச்சினை இல்லை. வந்த பங்கை அவரால் விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது, கூரை ஒழுகினால் கடன் வாங்கிச் சரி செய்யவும் முடியாது. மகளுக்கும் கை கட்டிப் போய்விடும்.

மகள் பெயருக்கு மொத்தமாக செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுவது இன்னொரு முனை. உங்கள் மகள் தங்கமானவராகவே இருக்கட்டும். ஆனால் மகள் உங்கள் மகனுக்கு முன்னால் போய்விட்டால்? மருமகன் தொழில் கடனுக்கு வீட்டை அடமானம் வைத்தால்? 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில், கவனிக்காத பிள்ளைக்கு எழுதிய பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது என்று பலர் தைரியம் சொல்வார்கள். அதை நன்றாகப் படியுங்கள். சொத்தைக் கொடுத்தவரை, அதாவது உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனை இருந்து, அது மீறப்பட்டால்தான் அந்த வழி. உங்களுக்கு அப்புறம் உங்கள் மகனைப் பார்க்காவிட்டால் அந்தச் சட்டத்தை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது.

நடுவில் ஒரு வழி உண்டு. உயிலில், வீடு மகளுக்கு, ஆனால் மகனுக்கு ஆயுள் உள்ளவரை அனுபவ பாத்தியதை, அவர் காலம் வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று எழுதுவது. இதில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மகன் ஹோமிலோ மகள் வீட்டிலோ இருக்க வேண்டி வந்தால், இந்த வீட்டின் வாடகை அவர் செலவுக்கு மட்டும். இந்த வரி இல்லாவிட்டால் வீடு பூட்டிக் கிடக்கும், பிள்ளைக்குக் காசு இருக்காது. உயிலுக்குச் சாட்சிகள் இரண்டு பேர் போதும், சொத்து பெறுகிறவர்களையோ அவர்கள் வீட்டுக்காரர்களையோ சாட்சியாகப் போடாதீர்கள், உங்களை விட வயதில் சின்னவர்களாக இருக்கட்டும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, இருந்தாலும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிந்து வைத்துவிடுங்கள்.

பேங்கில் நாமினி போட்டிருக்கிறேன், போதும் என்று சொல்லாதீர்கள். பேங்க் பணத்தில் நாமினி என்பவர் வாங்கிக்கொடுப்பவர்தான், அந்தப் பணம் உயில்படியோ வாரிசுரிமைப்படியோ போக வேண்டும். மகனையே நாமினியாகப் போட்டால், கார்டியன் இல்லாமல் அவரிடம் பணத்தை எப்படிக் கொடுப்பது என்று பேங்க் கையைப் பிசையும்.

டிரஸ்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அபிப்பிராய பேதம் உண்டு. தனியார் அறக்கட்டளை, 1882ஆம் வருடத்துச் சட்டப்படி, நல்ல ஏற்பாடுதான். பணத்தை வைத்திருப்பவர் ஒருவர், செலவு செய்பவர் இன்னொருவர், கேள்வி கேட்பவர் மூன்றாமவர் என்று பிரிக்க முடியும். ஆனால் மாதம் ஐயாயிரம் பத்தாயிரம் செலவாகிற ஒரு மனிதருக்காக, வருடா வருடம் ரிட்டர்ன், ஆடிட்டர் கட்டணம், வயதான மூன்று டிரஸ்டிகள் என்று ஒரு சின்ன கம்பெனியையே நடத்துவது எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படி ஆகாது. வரி வேறு. பத்திரத்தில் பயனாளியின் பங்கைத் தெளிவாக எழுதாமல் டிரஸ்டிகளின் விருப்பம் என்று விட்டால், உச்ச வரி விகிதத்தில் மாட்டிக்கொள்ளலாம், இதை ஆடிட்டரிடம் நேராகக் கேளுங்கள். உங்களுக்கு இருப்பது ஒரு வீடும் ஓய்வூதியமும் என்றால், பொறுப்பாக எழுதிய உயிலும் கார்டியன் சர்டிபிகேட்டும் போதும் என்பது என் கருத்து. மகள் இல்லாத, நெருங்கிய சொந்தம் இல்லாத, கையில் நல்ல தொகை இருக்கிற பெற்றோருக்குத்தான் டிரஸ்ட் உண்மையிலேயே உதவும். அவர்களும் இருக்கும்போதே சின்னத் தொகையில் ஆரம்பித்து, டிரஸ்டிகள் ஒழுங்காகக் கூடிப் பேசுகிறார்களா என்று இரண்டு வருடம் பார்க்கட்டும்.

பாண்டிக்காரர்களுக்கு ஒரு இடைச்செருகல். ரெனோன்சான் வம்சத்தாருக்கு, அதாவது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தங்கள் சொந்த மதச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களின் வழிவந்தவர்களுக்கு, நான் மேலே சொன்ன வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கும் சிக்கல் வரலாம். பிரெஞ்சுச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்த்த பிறகுதான் உயிலில் கை வைக்க வேண்டும்.

மகளிடம் பேசுவது

உங்கள் கேள்வி முழுக்கப் படித்தேன், மகள் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. எல்லா வீட்டிலும் இதுதான். அவள் பார்த்துக்கொள்வாள், சொல்லணுமா என்ன என்று அம்மா நினைப்பார். அம்மா இருக்கிற வரைக்கும் இதைப் பேசினால் தப்பாக நினைப்பார் என்று மகள் நினைப்பார். மருமகன் மனதில் என்ன என்று யாருக்கும் தெரியாது. மகளையும் மருமகனையும் சேர்த்து உட்கார வைத்துக் கேளுங்கள். பண்டிகை அன்று வேண்டாம், சம்பந்தி வீட்டார் முன்னிலையிலும் வேண்டாம். கேட்கும்போது, கூடவே வைத்துக்கொள்வது வேறு, பொறுப்பேற்பது வேறு என்று பிரித்துக் கேளுங்கள். லாஸ்பேட்டையில் இரண்டு ரூம் வாடகை வீட்டில், பத்தாவது படிக்கிற பெண்ணையும் வைத்துக்கொண்டு, 36 வயது ஆணைக் குளிப்பாட்டி வைத்துக்கொள்ள முடியாது என்று அவர் சொன்னால், அதில் ஒரு தப்பும் இல்லை. முடியாது என்று இன்றைக்கே சொல்கிற மகள், சரி சரி என்று சொல்லிவிட்டு நாளைக்குத் திணறுகிற மகளை விட உங்களுக்குப் பெரிய உதவி செய்கிறார். அவர் கார்டியனாக இருந்து, கணக்குப் பார்த்து, வாரா வாரம் போய்ப் பார்த்து, தம்பி ஒரு நல்ல இல்லத்தில் இருந்தால் அதுவும் பார்த்துக்கொள்வதுதான்.

ஹோம்

இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். 2023 பிப்ரவரியில் நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், உரிய அனுமதி இல்லாமல் நடந்த ஒரு ஆசிரமத்தைப் பற்றி வந்த செய்திகளையும் படித்திருப்பீர்கள், அங்கே சேர்த்த சிலர் எங்கே போனார்கள் என்றே சொந்தக்காரர்களுக்குத் தெரியவில்லை. எல்லா இல்லமும் அப்படி என்று சொல்ல வரவில்லை. நல்லவர்கள் நடத்துகிற, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருக்கிற இடங்களும் கடலூரிலும் பாண்டியிலும் உண்டு. பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படிப் பதிவு செய்யப்பட்ட நிறுவனமா என்று சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மனநோயாளிகளையும் சேர்க்கும் இடம் என்றால் மனநலச் சட்டப் பதிவும் வேண்டும். அதற்கு அப்புறம் காகிதத்தை மூடி வைத்துவிட்டு மூக்கையும் காதையும் பயன்படுத்துங்கள். சொல்லாமல் போங்கள், சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்குப் போங்கள், பகல் டீச்சர்கள் கிளம்பியிருப்பார்கள், ராத்திரி ஆள் யார், எத்தனை பேருக்கு ஒருவர் என்று தெரியும். கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, விருந்தாளிகளுக்கானது வேண்டாம், பிள்ளைகள் போகிறதையே காட்டுங்கள் என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி மொட்டை அடித்திருக்கிறார்களா, அவரவர் சட்டை அவரவரிடம் இருக்கிறதா, மத்தியானம் எல்லோரும் தூங்கி வழிகிறார்களா என்று பாருங்கள், மாத்திரை கொடுத்து அமைதியாக வைத்திருக்கிற இடம் முதல் பார்வைக்கு ரொம்ப ஒழுங்காகத்தான் தெரியும். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்று கேட்டதும் பதில் தயங்கி வந்தால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆயுளுக்கும் சேர்த்து ஒரே தொகை வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. கொடுக்காதீர்கள். மொத்தப் பணமும் கைக்குப் போன பிறகு உங்கள் மகளின் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்காது, பிடிக்காவிட்டால் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றவும் முடியாது. மாதா மாதம் கட்டுவதாகவே ஏற்பாடு இருக்கட்டும். நிறுவனரை நம்பி மட்டும் சேர்க்காதீர்கள், அவருக்கும் வயது 70 ஆகியிருக்கும், அவருக்கு அப்புறம் யார் என்று அவரிடமே கேளுங்கள். நேஷனல் டிரஸ்டில் தங்க வைத்துப் பராமரிப்பதற்கு சமர்த், கரௌண்டா என்ற பெயர்களில் இல்லத் திட்டம் உண்டு, கிட்டத்தில் இடம் இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்துக்கு ஒரு முறை மகனைக் கூட்டிப் போய் முழுப் பரிசோதனை செய்துவிட்டு வந்தால், அந்த அறிக்கை எந்த இல்லத்தில் சேர்ப்பதற்கும் உதவும்.

சேர்ப்பதாக முடிவு செய்யாவிட்டாலும் மகன் உங்களை விட்டு வெளியே தூங்கிப் பழகட்டும். முதலில் மகள் வீட்டில் ஒரு ராத்திரி, அப்புறம் இரண்டு. பிறகு ஒரு நல்ல இல்லத்தில் சனி ஞாயிறு. அழுவார். நீங்களும் அழுவீர்கள். மூன்றாம் முறை பையைப் பார்த்ததும் செருப்பைத் தேடுகிறாரா, கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாரா என்று பாருங்கள், அந்த இடத்தைப் பற்றி அவர் சொல்லக்கூடிய கருத்து அதுதான், அதை மதியுங்கள்.

அவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்தவை

எனக்குத் தெரிந்த ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், அம்மா போன பிறகு ஓர் இல்லத்துக்கு வந்தார். கொஞ்ச நாளில் கன்னத்தில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். அம்மா ஏக்கம் என்றார்கள், டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், அவர் உட்கார்ந்தபடியே தூங்கினார், முழித்ததும் மறுபடி அடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு நர்ஸ் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது கடைவாய்ப் பல் ஒன்று குடைந்து போயிருந்தது. பல் வலித்தால் அவர் இப்படித்தான் செய்வார் என்று அவர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வேறு யாருக்கும் தெரியாது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வலிப்பு மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, வெறும் வாயில் விழுங்க மாட்டார், வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது வரை எழுதுங்கள். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகும், இதை முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். உங்கள் கடைசி நாட்களின் குழப்பத்தில் முதலில் தவறப் போவது அந்த மாத்திரைதான். வயிறு வலித்தால் எப்படி இருப்பார், பயந்தால் என்ன செய்வார், மிக்சி சத்தம் ஆகாதா, குளிக்க வெந்நீர்தானா, பொரி என்றால் உயிரா, யார் பெயரைச் சொன்னால் சிரிப்பார். எழுத வராவிட்டால் செல்போனில் பேசிப் பதிவு செய்து மகளுக்கு அனுப்புங்கள். அவர் சாப்பிடுவதை, நீங்கள் அவருக்குச் சட்டை மாட்டுவதை வீடியோ எடுத்து வையுங்கள்.

இதே நேரத்தில் அவர் கையையும் பழக்குங்கள். சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுவிடுவது உங்களுக்கு இரண்டு நிமிடம் மிச்சம், அவர் போட்டால் பத்து நிமிடம். ஆனால் தானே சாப்பிட்டு, தானே கழிவறை போய்க் கழுவிக்கொள்கிறவரை ஏற்க இல்லங்கள் சீக்கிரம் முன்வரும், மகள் வீட்டிலும் பாரம் பாதியாகும். 36 வயதில் என்ன கற்றுக்கொள்வார் என்று கேட்காதீர்கள், கற்றுக்கொள்வார்கள், மெதுவாக.

அப்புறம், அப்பா இறந்ததை அவரிடம் சொன்னீர்களா? பெரும்பாலான வீடுகளில் அப்பா ஊருக்குப் போயிருக்கார் என்று சொல்லி வைத்திருப்பார்கள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா செத்துப் போயிட்டார், இனிமேல் வர மாட்டார் என்று எளிமையாகச் சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், திதி கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு சாவை நீங்கள் பக்கத்தில் இருந்து புரிய வைத்தால், அடுத்ததை அவரால் கொஞ்சமாவது தாங்க முடியும். உங்களுக்கு ஒன்று ஆனால் அவரை அறைக்குள் அடைத்து வைக்காமல் முகத்தைக் காட்ட வேண்டும் என்று மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஓய்வூதியமும் வீடும் இல்லாதவர்கள்

தேவனாம்பட்டினம் மீனவர் வீட்டிலும், பண்ருட்டி முந்திரிக் கொட்டை உடைக்கிற வீட்டிலும் இதே கேள்வி இருக்கிறது, அங்கே உயிலும் டிரஸ்டும் பேசினால் சிரிப்பார்கள். அவர்களுக்கு முதல் வேலை, யுடிஐடி என்கிற, நாடு முழுவதற்குமான மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குவது, அப்புறம் தமிழ்நாடு அரசின் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பிள்ளையின் சொந்த பேங்க் கணக்குக்கு வருகிறதா என்று பார்ப்பது. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், வெளிநோயாளிச் செலவும் தெரபியும் அதில் அடக்கம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் போச்சு. கார்டியன் சர்டிபிகேட் அவர்களுக்கும் உண்டு, அதற்குச் சொத்து இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அதற்கு மேல் நான் பார்த்தவரை உருப்படியாக வேலை செய்வது, இதே நிலையில் உள்ள நாலைந்து குடும்பங்கள் ஒருவர் பிள்ளையை ஒருவர் தெரிந்து வைத்திருப்பது. ஒரு அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் இன்னொரு அம்மா வீட்டில் அந்தப் பிள்ளைக்குப் பாய் இருக்கும். அரசு இதற்கெல்லாம் ஊருக்கு ஒரு இல்லம் கட்டித்தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அது வரைக்கும் இதுதான்.

கடலூரா, பாண்டியா

கடைசியாக, உங்கள் விஷயத்தில் மட்டும் வரும் சிக்கல். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், ஆனால் நடுவில் ஒரு அரசு மாறிவிடுகிறது. யுடிஐடி அட்டை நாடு முழுக்கச் செல்லும். குடும்ப ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் வரும். தமிழ்நாட்டு உதவித்தொகையும் முதல்வர் காப்பீடும் கடலூர் ரேஷன் கார்டோடு ஒட்டியவை, மகன் லாஸ்பேட்டைக்கு முகவரி மாற்றினால் போய்விடும், பாண்டிச் சலுகைகளுக்குப் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதனால் மகனின் ஆதார் முகவரியை இப்போது தொடாதீர்கள். கார்டியன் விண்ணப்பம் அவர் வசிக்கிற கடலூர் கலெக்டரிடம்தான் போக வேண்டும், மகள் பாண்டி முகவரியில் இருப்பது அதற்குத் தடை இல்லை, அவருடைய சம்மதக் கடிதமும் அடையாளச் சான்றும் இருந்தால் போதும்.

முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பப் படிவம் கேளுங்கள். இல்லை, தெரியாது என்று சொன்னால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமே மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், குழுவின் தலைவரே அவர்தான். மகனையும் கூட்டிப் போங்கள், விசாரணையன்று அவரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். காத்திருக்க நேரமாகும், காலையிலேயே மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தண்ணீரும் பொரியும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.